‘ஆம்’ எங்கே வருகிறது? நடையும் தொனியும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, நடைக்கும் தொனிக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: “சாப்பாடு பிரமாதம்” என்று கல்யாணப் பந்தியிலும் சொல்லலாம், உப்பில்லாத சாம்பாருக்கும் சொல்லலாம். வாக்கியம் ஒன்றுதான், தொனி வேறு. வாக்கிய நீளம், சொல் தேர்வு இதெல்லாம் நடை. சொல்பவர் விஷயத்தையும் கேட்பவரையும் எப்படிப் பார்க்கிறார் என்பது தொனி.

கேள்வி: தேர்வில் ‘எள்ளல் தொனி’ என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது தம்பி. எந்தச் சொல்லில் எள்ளல் என்று விரல் வைத்துக் காட்டணும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ முடிவு கோபமா, கிண்டலா?

பதில்: 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த கதை. அம்மாளு மில் தொழிலாளி. புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. இருட்டுச் சந்துக்குள் ஒருவனோடு போகிறாள். “அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்து விட்டாள். ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்!”

‘பாவம்’, ‘ஐயோ’ எதுவும் இல்லை, பாருங்கள். குமாஸ்தா சம்பளத்துக்குப் போடும் அதே ‘சம்பாதித்து’. அடுத்து ‘ஆம்’. யாரும் வாய்விட்டு எதையும் கேட்கவில்லையே? நம் மனசுக்குள் எழுந்த கேள்விக்குத்தான் அந்தப் பதில். அப்புறம் நேரே நம் பக்கம் திரும்பி, கற்பு கற்பு என்று ‘கதைக்கிறீர்களே’ என்கிறார். கூடவே மரியாதையாக ஓர் ‘ஐயா’! கிண்டல் தலைப்பிலேயே தொடங்கிவிட்டது. கோபம் கடைசியில்தான், அதுவும் நம் மேல்.

கேள்வி: எழுத்தாளர் அசோகமித்திரனின் தொனி?

பதில்: குரலை உயர்த்தமாட்டார். சின்னச் சின்ன வாக்கியங்கள். அழுவதா வேண்டாமா என்பதை நம்மிடம் விட்டுவிடுவார்.

கேள்வி: தொனியை ஒரே வார்த்தையில் எப்படி எழுதுவது?

பதில்: மேலே ‘எள்ளல் தொனி’ பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர்): ‘பொன்னகரம்’ பற்றிச் சொல்லும்போது ‘திரும்பி’, ‘என்கிறார்’ என்கிறீர்கள். யார்? ஆசிரியரா, கதைசொல்லியா? புதுமைப்பித்தன் என்பதே சொ. விருத்தாசலம் வைத்துக்கொண்ட புனைபெயர்.

பதில்: சரி, பிடித்துவிட்டீர்கள். கோபம் கதைசொல்லியுடையது. எழுதிய நாளில் விருத்தாசலம் என்ன மனநிலையில் இருந்தார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

மறுபடியும் அவரே: அப்படியானால் அந்தக் கதைசொல்லிக்கு அம்மாளு மேலும் ஏளனம் இருக்கலாமே?

பதில்: சொல்லைக் காட்டுங்கள்.

அவர்: ‘சம்பாதித்து விட்டாள்’. அந்த ‘விட்டாள்’ இளக்காரமாகக் கேட்கிறது.

பதில்: இத்தனை வருடம் வகுப்பில் நடத்தியும் இதை நான் கவனித்ததில்லை. ‘சம்பாதித்தாள்’ என்றால் வெறும் செய்தி. ‘விட்டாள்’ சேர்ந்ததும், திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறவர் குரல் வந்துவிடுகிறது. இளக்காரம் உண்மைதான். ஆனால் அது நம் குரல். கதைசொல்லி ஒரு நொடி இரவல் வாங்கியிருக்கிறார். நாம் அதோடு சேர்ந்து தலையாட்டும் அதே இடத்தில் ‘ஆம்’ வந்து விழுகிறது. பொறிதான். நானும் மாட்டியிருக்கிறேன்.

கேள்வி: வெண்பாவில் தளை தட்டுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: யாப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் உரைநடை ஆள்.

கேள்வி: சார், தொனிகளுக்கு ஒரு பட்டியல் கிடைக்குமா? மனப்பாடம் செய்ய வசதியாக.

பதில்: தரமாட்டேன். ‘பொன்னகரம்’ சின்னக் கதைதான், படித்துவிட்டு ஒரு சொல்லோடு வாருங்கள்.