கடலிலிருந்து 300 மீட்டரில் வீடு: ஜிஐ பைப் போட்டும் மூன்றே வருடத்தில் துருப்பிடித்தது ஏன்?

கேள்வி: முட்டம் பக்கம் வீடு. மொட்டை மாடியில் ஜிஐ சதுர பைப்பை வெல்டிங் செய்து ஃபிரேம் நிறுத்தி, மேலே தகர ஷீட் போட்டோம். வெல்டிங் இடத்தில் எல்லாம் சில்வர் பெயின்ட் அடித்தார்கள். மூன்று வருடத்தில் மூட்டுகள் எல்லாம் பழுப்பாகி, சில இடத்தில் பைப் ஓட்டையே விழுந்துவிட்டது. ஜிஐ துருப்பிடிக்காது என்றுதானே சொன்னார்கள்? இப்போது என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் ஒன்று. உங்கள் மாடியில் இருப்பது பெரும்பாலும் ஜிஐ பைப்பே இல்லை, ஜிபி பைப். கடைக்காரர், வெல்டர், எஞ்சினியர் எல்லோரும் இரண்டையும் ஜிஐ என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம்.

ஜிஐ என்பது இரும்பில் பைப்பைச் செய்து முடித்த பிறகு, 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகி நிற்கும் துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுத்தது. உள்ளே, வெளியே, தையல் (விளிம்புகளைச் சேர்த்து வெல்டிங் செய்த கோடு) எல்லாம் பூச்சு ஏறியிருக்கும். ஜிபி அப்படி இல்லை. ஏற்கெனவே மெல்லிசாகத் துத்தநாகம் பூசிய தகட்டுச் சுருளைப் பட்டையாக வெட்டி, மடித்து, விளிம்பு இரண்டையும் சேர்த்து வெல்டிங் செய்த பைப். அந்தத் தையலில் துத்தநாகம் எரிந்துபோகும். வெளிப்பக்கம் மட்டும் ஸ்ப்ரே அடித்து மறைப்பார்கள், உட்பக்கத் தையல் அப்படியே விடப்படும். வெட்டிக் கிடக்கும் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வழவழவென்று பளபளத்து, நீளவாக்கில் ஒரு கோடு மட்டும் கறுத்தோ பழுத்தோ ஓடினால் ஜிபி. உள்ளே சொரசொரப்பாக, துத்தநாகம் வழிந்து உறைந்த தடத்தோடு, தையலும் சாம்பல் நிறமாக இருந்தால் ஜிஐ.

இந்தப் பூச்சு இரும்பை எப்படிக் காக்கிறது? வேலை இரண்டு. ஒன்று, காற்றும் ஈரமும் பட்டு துத்தநாகத்தின் மேல் கார்பனேட் படலம் ஒன்று படியும். தண்ணீரில் எளிதில் கரையாத அந்தப் படலம் கீழே இருக்கும் துத்தநாகத்தை மெதுவாகவே தேய விடும். இரண்டாவது, கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். மின்வேதியியலில் துத்தநாகம் இரும்பைவிட முந்திக் கரையும் உலோகம் என்பதுதான் காரணம். ஆனால் இந்தப் பாதுகாப்பு எட்டுவது சில மில்லிமீட்டர் தூரம்தான். ஆணி கீறினால் சமாளிக்கும். விரல் அகலத்துக்கு வெல்டர் எரித்துவிட்ட இடத்தைச் சமாளிக்காது.

துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் ஆர்க்கின் சூடு அதைப்போலப் பல மடங்கு. வெல்டிங் போடும்போது எழும் வெள்ளைப் புகையே உங்கள் பூச்சுதான். (அந்தப் புகையை இழுத்தால் அன்று இரவு குளிர்க்காய்ச்சல்போல நடுக்கும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். காற்றோட்டமான இடமும் புகைக்கான முகமூடியும்தான் வழி.) வெளியே எரிந்ததற்கு மேல் எதையாவது பூசலாம். அதே மூட்டின் உட்பக்கம் எரிந்ததற்குக் கை எட்டாது. உங்கள் பைப் மூட்டோரத்தில் உள்ளிருந்தே ஓட்டை விழுந்தது அதனால்தான். பைப் முனைகளை மூடாமல் விட்டிருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்க் குடியிருந்திருக்கும்.

சில்வர் பெயின்ட் அலுமினியத் தூள் கலந்த வெறும் பெயின்ட். நிறம் ஒத்துப்போகும், அவ்வளவே. துத்தநாகம் செய்கிற அந்த இரண்டாவது வேலையை அது செய்யாது.

இனி கணக்கு. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத் துத்தநாகம் சதுர மீட்டருக்கு 7.14 கிராம். துத்தநாகம் பூசிய தகட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 277. அந்தத் தகடுகளில் வரும் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்), 275 ஜிஎஸ்எம் எல்லாம் இரண்டு பக்கமும் சேர்த்த எடை. அதாவது 120 என்றால் ஒரு பக்கத்துக்கு எட்டரை மைக்ரான் கூட வராது. 275 என்றால் சுமார் 19 மைக்ரான். செய்து முடித்த இரும்பு வேலையைத் தொட்டியில் முக்குவதற்கான ஐஎஸ் 4759 கேட்பது வேறு: 5 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள இரும்புக்கு ஒரு பக்கத்துக்கே சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 85 மைக்ரான். 2 முதல் 5 மில்லிமீட்டருக்கு 460 கிராம், 64 மைக்ரான்.

இவை எவ்வளவு நாள் வரும்? அரிப்பின் கடுமையை ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரவிதி வகை பிரித்திருக்கிறது. உப்புக்காற்று கடுமையாக அடிக்கும் சி5 வகையில் துத்தநாகம் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். மிதமான சி3 வகையில் 0.7 முதல் 2.1 வரை. அலைத்தூறல் நேரே விழுகிற இடம் சிஎக்ஸ், அங்கே 25 மைக்ரான் வரைகூடப் போகும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலைப் பார்த்த வீட்டுக்கு சி5 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். 120 ஜிஎஸ்எம் ஜிபி பைப்பின் பூச்சு ஒன்றிலிருந்து இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். 275 ஜிஎஸ்எம் ஷீட்டுக்கு இரண்டேகாலிலிருந்து நாலரை வருடம். 64 மைக்ரானுக்கு ஏழரையிலிருந்து 15 வருடம். உங்களுடையது மூன்று வருடம் தாக்குப்பிடித்தது என்றால் அதில் ஆச்சரியமே இல்லை, கணக்குப்படிதான் நடந்திருக்கிறது. அதே பைப் கடலிலிருந்து தள்ளியிருக்கும் குலசேகரம் பக்கம் இதைவிடப் பல வருடம் கூடுதலாக நின்றிருக்கும். அங்கே ஓடிய வேலையைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே போடுவதுதான் தப்பு.

ஃபிரேமைக் கீழே நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மழை நனைக்கும் மேல்பக்கத்தைவிட ஷீட்டின் அடிப்பக்கம், பர்லினின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்) கீழ்முகம், சுவரோரத் தூண் இவைதான் முதலில் பழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவந்து அப்பும் உப்பை மேலே மழை கழுவிவிடுகிறது. அடியில் கழுவ ஆளில்லை. அங்கே படிந்த உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குளோரைடு இருக்கும் இடத்தில் அந்தக் கார்பனேட் படலமும் ஒழுங்காகப் படியாது. அதனால் மாதம் ஒருமுறை ஹோஸ் பிடித்து நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பெயின்ட் செலவைவிட இது நிச்சயம் மலிவு. போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்தால் அதை எடுக்காதீர்கள்.

இப்போது இருப்பதில் எதைக் காப்பாற்றலாம்? ஓட்டை விழுந்த பைப், சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் தரும் பைப் இரண்டையும் வெட்டிப் போடுங்கள். மற்ற மூட்டுகளை முதலில் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். தேய்த்த பிறகு கழுவலாம் என்று விட்டால் உப்பு கம்பி பிரஷ்ஷோடு இரும்புக்குள் அமுங்கும், அதன் மேல் அடித்த பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும். பிறகு கிரைண்டரில் கம்பி வீல் போட்டு, கசடும் வெல்டிங் தெறிப்பும் போய் இரும்பு வெள்ளையாக மின்னும் வரை தேய்க்க வேண்டும். சுற்றிலும் ஓர் அங்குலம் நல்ல பூச்சின் மேலும் லேசாகச் சுரண்டுங்கள். அன்றைக்கே ஜிங்க் ரிச் எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும்; காய்ந்த படலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று கோட்டில் 100 மைக்ரானாவது ஏற வேண்டும். தூள் கனமானது, டப்பாவின் அடியில் போய் உட்காரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறாமல் அடித்தால் மேலே வருவது வெறும் பசைதான். இதன் கீழே ரெட் ஆக்சைடு கூடவே கூடாது. துத்தநாகத் துகள் இரும்பை நேரே தொட்டால்தான் வேலை செய்யும், நடுவில் வேறு பெயின்ட் வந்தால் மின்தொடர்பு அறுந்துவிடும். பனி இறங்கும் முன், மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

முழு ஃபிரேமுக்கும் நிறம் அடிக்க ஆசைப்பட்டால் சாதாரண எனாமலை நேரடியாகத் துத்தநாகத்தின் மேல் அடிக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறும், சில மாதத்தில் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாக வரும். ஜிஐக்கென்று வரும் எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல் பாலியூரித்தேன். இப்படிக் கால்வனைசிங் என்கிற துத்தநாகப் பூச்சும் பெயின்டும் சேர்ந்தால் இரண்டின் ஆயுளையும் கூட்டினால் வருவதைவிட ஒன்றரை மடங்காவது நிற்கும். துத்தநாகம் இருப்பதால் பெயின்டுக்கு அடியில் துரு பரவாது, பெயின்ட் இருப்பதால் துத்தநாகம் கரையாது.

புதிதாகவே போடுவதென்றால் என் யோசனை இது: கறுப்பு எம்எஸ் பைப், அதாவது பூச்சில்லாத சாதாரண இரும்பு பைப், 2 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம். பட்டறையிலேயே துண்டு துண்டாகச் செய்து, கால்தகடு, போல்ட் ஓட்டை எல்லாம் போட்டு முடித்த பிறகு கால்வனைசிங் தொட்டிக்கு அனுப்புங்கள். மாடியில் போல்ட் மட்டுமே, வெல்டிங் கிடையாது. தொட்டியின் நீளத்தை முதலிலேயே கேட்டுக்கொண்டு துண்டு அளவை முடிவு செய்யுங்கள். மூடிய பைப் ஒவ்வொன்றிலும் இரு முனையிலும் எதிரெதிர் மூலையில் 10, 12 மில்லிமீட்டர் ஓட்டை கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகித் தொட்டிக்குள்ளேயே பைப் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் மேல் உருகிய துத்தநாகம் தெறிக்கும். வெல்டிங் கசடை உதிர்த்து, எழுதிய பெயின்ட் குறிகளையும் அழித்து அனுப்புங்கள். அமிலத் தொட்டியில் இவை போகாது, அந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் கறுப்பாக நிற்கும். கூலி கிலோ கணக்குத்தான், ஆனால் வண்டி வாடகை கடிக்கும். தெருவில் இன்னொருவர் வேலையையும் சேர்த்து ஒரே லோடாக அனுப்புவது நல்லது.

திரும்பி வந்ததும் பளபளப்பைப் பார்த்து மார்க் போடாதீர்கள். சிலிக்கன் கூடுதலான இரும்பு மங்கலான சாம்பல் நிறத்தில்தான் வரும், பெரும்பாலும் பூச்சு அதில்தான் கனமாக இருக்கும். காந்த முறையில் அளக்கும் கனமானி ஒன்றை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கி ஒவ்வொரு துண்டிலும் ஐந்தாறு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

போல்ட்டில்தான் பலர் கோட்டை விடுவார்கள். கடையில் மினுங்கும் போல்ட், ஸ்க்ரூ பெரும்பாலும் மின்முலாம் பூசியது, ஐந்து முதல் எட்டு மைக்ரான். ஃபிரேம் 15 வருடம் நிற்க, போல்ட் இரண்டாம் வருடமே பழுக்கும். ஹாட் டிப், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கிய போல்ட் கேளுங்கள், நட்டும் அதற்கென்று மரை பெரிதாக வெட்டியதாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் ரப்பர் வாஷர் வைத்துப் போடலாம். பெரிய துத்தநாகப் பரப்பில் சின்ன ஸ்டெயின்லெஸ் பெரிய கெடுதல் செய்யாது. தலைகீழாக, பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சின்ன ஜிஐ ஸ்க்ரூ போட்டால் அது சீக்கிரம் காணாமல் போகும். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஜிஐ மேல் விழக்கூடாது.

ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். ரோலர் கொட்டகைக்கும் புகைக்கூட்டுக்கும் வெறும் ஜிஐ ஷீட் சரிவராது. பழைய வீடுகளில் பனங்கையும் ஓடும் போட்டார்கள், அதில் துரு என்ற பேச்சே இல்லை. அலைத்தூறல் விழும் இடத்தில் இன்றைக்கும் நான் அதையோ அலுமினிய ஷீட்டையோதான் சொல்வேன். அலுமினியம் என்றால் இரும்பு பர்லினுக்கும் ஷீட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள்.

புது ஷீட் வந்து இறங்கினால் கட்டோடு தரையில் போட்டு தார்ப்பாயால் மூடி வைக்காதீர்கள். ஷீட்டுகளுக்கு நடுவே ஈரம் புகுந்து காற்றில்லாமல் நின்றால் ஒரே வாரத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பொடி லேசாக இருந்தால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு மாட்டலாம். தேய்த்த இடம் கறுத்தோ பழுத்தோ தெரிந்தால் அந்த ஷீட்டை மாட்டாமல் திருப்பிக் கொடுங்கள். இறக்கின அன்றே ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்து, நடுநடுவே ரீப்பர் கட்டை செருகி வைத்துவிட்டால் இந்த வேலையே வராது.