தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்: முதலாளிகளின் கேள்விகளுக்குப் பதில்

கழிவுநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் வேலை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன்.

திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்: மூடியைத் திறந்து ஒரு நாள் விட்டபிறகுதான் சேறு அள்ள ஆளை இறக்குகிறோம். போதுமா?

போதாது. கழிவு அழுகும்போது உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு காற்றைவிடக் கனமானது, மூடியைத் திறந்ததும் மேலே எழுந்து போய்விடாது. அதோடு சேற்றுக்குள்ளும் அடைந்து கிடக்கும். மண்வெட்டி பட்டதும், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குபுகுபுவென வெளியே வரும். காலையில் வாயு மீட்டர் நல்ல காற்று என்று காட்டிய தொட்டி பத்தே நிமிடத்தில் ஆளைக் கொல்லலாம். அதனால் ஆள் மேலே ஏறும்வரை, உள்ளே நல்ல காற்றைத் தள்ளும் புளோயர் ஓட வேண்டும், மீட்டர் அவர் சட்டையிலேயே மாட்டியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒன்று யோசியுங்கள்: ஆள் இறங்கத்தான் வேண்டுமா? மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, சேற்றுப் பம்ப் வைத்து இழுக்க முடிந்தால் அதைச் செய்யுங்கள்.

சூப்பர்வைசர் ஒருவர்: நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை, இது உயிரை வாங்கும் நம்பிக்கை. அழுகிய முட்டை நாற்றம் குறைந்த அளவில்தான் தெரியும். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் திடீரென்று நின்றால் ஆபத்து கூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிசி ஆலை உரிமையாளர்: எங்கள் பெரியவர்கள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். நாங்களும் அப்படியே செய்யலாமா?

வேண்டாம். தொட்டியில் மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைத்துவிடும். விஷவாயு இருக்கிறதா என்பதையும் அது காட்டாது. ஆக்ஸிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் அளக்கும் ‘நான்கு வாயு மீட்டர்’ ஒன்று வாங்குங்கள். குழாயை இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் பாருங்கள். ஆக்ஸிஜன் வெளியில் 20.9 சதவீதம் இருக்கும். தொட்டிக்குள் 19.5க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. அப்புறம், வெல்டிங் சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜனை உள்ளே திறந்துவிடவே கூடாது. ஒரு பொறி பட்டால் ஆள் உடுத்திய துணியே பற்றி எரியும்.

ஓட்டல் நடத்துபவர்: செப்டிக் டேங்க் வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டேன். என் மேல் பொறுப்பு வருமா?

வரும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. கழிவுநீர் அகற்றும் உதவி எண்ணான 14420க்குக் கூப்பிட்டு, கழிவை உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

பிட்டர் ஒருவர்: உள்ளே போனவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது?

நீங்கள் இறங்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கே வலிக்கிறது, ஆனாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன். பல வருடம் முன்பு ஒரு பட்டறையில் விபத்து நடந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். தொட்டி வாயோரம் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது. ஒரு ஜோடி ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. மற்ற இரண்டும் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. ஒருவர் வேலைக்கு இறங்கியவர், மற்ற இருவர் அவரைத் தூக்க ஓடி வந்து குதித்தவர்கள். மூவருமே போய்விட்டார்கள்.

காப்பாற்றும் வழியை ஆள் இறங்கும் முன்பே செய்து வைக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே சொன்னது. இன்றைக்கு இடுப்பு பெல்ட் போதாது. உடம்பு முழுக்கப் பிடிக்கும் ஹார்னஸ், தொட்டி வாயின் மேல் நிற்கும் மூன்று கால் தாங்கியான முக்காலி, அதில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கைச்சக்கரம் வேண்டும். ஆள் சாய்ந்தால் சக்கரத்தைச் சுற்றித் தூக்குங்கள். கூடவே இன்னொருவர் 101, 108 இரண்டுக்கும் போன் போட வேண்டும். துணி மாஸ்க், வடிகட்டி மாஸ்க் எதுவும் ஆக்ஸிஜன் தராது. காற்று சிலிண்டர் மாட்டிப் பழகிய ஆள் மட்டும்தான் உள்ளே போகலாம்.

அதே பிட்டர்: எங்களிடம் முக்காலி இருக்கிறது. யாரும் பயன்படுத்தியதில்லை.

சரி, அப்படியென்றால் இந்த வாரமே 60 கிலோ மணல் மூட்டைக்கு ஹார்னஸ் மாட்டித் தொட்டிக்குள் இறக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேலே தூக்குங்கள். மூட்டை தொட்டி வாயில் மாட்டிக்கொள்கிறதா, கயிறு சிக்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். இரவு ஷிப்ட் ஆட்களும் ஒரு தடவை அந்த மூட்டையைத் தூக்கிப் பார்க்கட்டும்.