முகப்பில் தங்க நிற புல்டாக், உள்ளே கம்மின்ஸ் எஞ்சின்: 1978 மாக் ஆர் மாடல்

முகப்பில் தங்க நிற புல்டாக் நாய்ப் பொம்மை இருந்தும் உள்ளே கம்மின்ஸ் என்ற வேறு நிறுவனத்தின் எஞ்சின் இருப்பதால், அமெரிக்க நிறுவனமான மாக்கின் இந்த லாரியை உங்களுக்கு விற்றவர் பொய் சொன்னார் என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சுகள் மூன்றும் மாக் தயாரிப்பாக இருந்தால் பொம்மைக்குத் தங்க நிறம், ஏதாவது ஒன்று வெளியார் தயாரிப்பு என்றால் வெள்ளி நிறம். அதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பொம்மையைச் சில நிமிடங்களில் கழற்றி மாற்றிவிடலாம்.

பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இதுதான்: பழைய எஞ்சின் தேய்ந்தபின் யாரோ கம்மின்ஸைப் பொருத்தியிருப்பார்கள், நாயை அப்படியே விட்டிருப்பார்கள்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மாக்கின் சொந்த அச்சில் டிஃபரென்ஷியல், அதாவது சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி, மேல்பக்கத்தில் இருக்கும். சுழல்தண்டு அச்சின் நடுவில் நுழையாமல் உச்சியில் போய்ச் சேரும். கியர் ஐந்துதானா என்றும் எண்ணுங்கள். 1960களின் பிற்பகுதியில் வந்த மாக்கின் மேக்ஸிடைன் எஞ்சின், குறைந்த சுழற்சியிலும் இழுவை தளராததால் ஐந்தே கியரில் சமாளித்தது. ஓட்டுநர்கள் அதை நேசித்ததற்கு அதுவே முதல் காரணம் என்பேன். அச்சு, கியர் இரண்டும் இப்படிப் பொருந்தினால் பெரும்பாலும் எஞ்சின் மட்டுமே மாறியிருக்கிறது.

சேசிஸ் எண்ணுடன் பென்சில்வேனியாவின் அல்லன்டவுனில் உள்ள மாக் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். பழைய தயாரிப்புப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. ஆனால் அவை வண்டி ஆலையை விட்டு வெளியேறிய நாளின் நிலையைத்தான் சொல்லும், பிறகு பட்டறைகளில் நடந்ததை அல்ல.

நாயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1932-இல் மாக்கின் தலைமைப் பொறியாளர் ஆல்ஃபிரட் மஸூரி அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்விலிருந்தபோது தன் கையால் செதுக்கிய உருவம் அது.