நகரங்களில் வீடற்றோரும் குற்றங்களும் பெருகுவதற்கு உள்ளூர் நிர்வாகம் காரணமா, நாடு தழுவிய போக்கா?

தெருவில் படுப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுபவை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் காரணங்கள். அவர்கள் எந்த ஊரில் போய் ஒதுங்குகிறார்கள், அங்கே எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது உள்ளூர் விவகாரம். குற்றக் கணக்கோ வேறு கதை. அதில் அரசுக் கொள்கையின் கை நாம் நினைப்பதைவிட நீளம்.

எனக்குத் தெரிந்த திருப்பதியை வைத்துச் சொல்கிறேன். நான் புத்தூர்க்காரன் (ஆம், எலும்பு முறிந்தால் கட்டுப் போட வருவீர்களே, அதே புத்தூர்). வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. திருப்பதி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு லாட்ஜில் இரவுப் பணி பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் படுத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வேலூர், சேலம், கடப்பை என்றுதான் பதில் வரும். மருமகளோடு மனத்தாங்கல் என்று கிளம்பி வந்த பெரியவர், வேண்டுதல் என்று அழைத்து வந்து கூட்டத்தில் விட்டுவிட்டுப் போகப்பட்ட மனநலம் குன்றிய பெண், தறி நின்றுபோனவர். நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறிகளை 2016இல் பணமதிப்பு நீக்கம், 2017இல் ஜிஎஸ்டி, 2020இல் ஊரடங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. இதில் திருப்பதி மாநகராட்சி என்ன செய்திருக்க முடியும்? 2001க்கும் 2011க்கும் இடையே நாட்டில் கிராமப்புற வீடற்றோர் தொகை குறைந்தது, நகர்ப்புறத்திலோ 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாக ஏறியது. ஒரு ஊரின் மேயரைக் குற்றம்சாட்டி இதை விளக்க முடியாது.

"மலையில் சோறு போடுவதால்தான் வருகிறார்கள்" என்பார்கள் எங்கள் தெருக் கடைக்காரர்கள். 1985இல் தொடங்கிய நித்திய அன்னதானத்தைச் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சோறு ஒருவரை இந்த ஊருக்கு இழுக்கலாம், அவருடைய வீட்டைப் பறிக்காது.

அதற்காக உள்ளூரை விட்டுவிட முடியாது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஓர் இரவுக் காப்பகம் என்பது 2010இல் உச்ச நீதிமன்ற உத்தரவுகள் வழியாக வந்த அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் திருப்பதி நகர மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக மூன்று காப்பகம், முந்நூறு பேர். ஆனால் சாதாரண நாளிலேயே அறுபது எழுபதாயிரம் பேர் தரிசனத்துக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தோடு வந்து திரும்பிப் போகாதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. கோயில் ஊருக்கு வேறு கணக்கு வேண்டும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது உள்ளூர் நிர்வாகம்தான்.

லாட்ஜ்களின் எழுதாத விதி ஒன்றும் உண்டு: தனியாக வருபவருக்கு அறை கிடையாது. அறைக்குள் யாராவது உயிரை மாய்த்துக்கொண்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம். ஆதார் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை. மடியில் பணம் முடிந்து வைத்திருந்தும் நடைபாதையில் படுக்கிற முதியவர்களை இதனால்தான் பார்க்கிறேன். இதற்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இனி குற்றம். ஆந்திராவில் 2019இல் மதுக்கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. 2020 மே மாதம் இரண்டே நாளில் விலை 75 சதவீதம் ஏறியது. எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டிலும் திருத்தணியிலும் டாஸ்மாக். பையில் பாட்டிலோடு எல்லை தாண்டியவர்கள் கடத்தல்காரர்கள் ஆனார்கள். அவர்களைப் பிடிக்கத் தனிப் பிரிவே அமைத்தார்கள். 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் தனியாரிடம் போயின, அந்த ஆண்டே அந்தப் பிரிவும் கலைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எல்லையோர மனிதர்களின் குணம் கெட்டு, பிறகு திருந்தியதா என்ன?

நடைபாதைவாசிகளுக்கும் திருட்டுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் ஒரு சட்டப் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128. ஒருவர் தன்னை மறைத்துக்கொண்டு திரிகிறார், குற்றம் செய்யக்கூடும் என்று தோன்றினாலே நன்னடத்தைப் பிணை கேட்கலாம். வீடு இருப்பவர் பிணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். வீடில்லாதவருக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? உள்ளேதான் போக வேண்டும். அப்புறம் அவர் பெயரில் ஒரு பழைய வழக்கு இருக்கும், அதுவே அடுத்த சந்தேகத்துக்குக் காரணமாகும்.

செம்மரக் கடத்தல் மட்டும் உள்ளூர், வெளி என்று இரண்டு பக்கமும் இழுக்கும் விஷயம். மரம் இருப்பது சேஷாசலம் காட்டில், விலை தீர்மானமாவது சீனச் சந்தையில், வெட்டக் கூலிக்கு வருவது ஜவ்வாது மலையிலிருந்து. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். எந்த முதலாளியும் இல்லை.

ஆகவே குற்றம் கூடிவிட்டது என்று யாராவது எண்ணைக் காட்டினால், எந்தப் பிரிவில் கூடியது என்று கேளுங்கள். 2020இல் நாடு முழுவதும் பதிவான குற்றங்கள் 28 சதவீதம் உயர்ந்தன. முக்கியக் காரணம் ஊரடங்கு மீறல் வழக்குகள். அதே ஆண்டில் திருட்டும் வழிப்பறியும் குறைந்திருந்தன.