தெருச் சீட்டும் சேருமா?

கேள்வி: நிதிச் சேவை என்றால் சரியாக என்ன சார்? வங்கி, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் புரிகிறது. எங்கள் தெருவில் நடக்கும் ஏலச் சீட்டும் அதில் சேருமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சேருமாவாவது! வங்கியில் நாலு கவுன்டரில் நடக்கிற வேலை உங்கள் தெருவில் ஒரே பாயில் நடக்கிறது. 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம் என்று வையுங்கள். ஏலத்தில் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கே அந்த மாதப் பணம். அவசரக்காரர் ஒருவர் 30,000 தள்ளி, 70,000 எடுக்கிறார். தள்ளியதில் சீட்டு நடத்துபவர் கமிஷன் 5,000. மிச்சம் 25,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,250. ஆக, அந்த மாதம் கட்ட வேண்டியது 3,750-தான். எடுத்தவருக்கு அது கடன், எடுக்காதவருக்குச் சேமிப்பு. இருக்கிறவர் பணத்தை வேண்டியவரிடம் சேர்த்து, திரும்பி வரப் பொறுப்பேற்று, அதற்குக் கூலி வாங்குவது. நிதிச் சேவை பெரும்பாலும் இதுதான்.

2019-இல் சீட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியவர்கள் கமிஷனை 7 சதவீதம் வரை உயர்த்தியதோடு நிற்கவில்லை. சீட்டை 'சகோதரத்துவ நிதி' என்றும் அழைக்கலாம் என்றார்கள். ஏலத்தில் உட்கார்ந்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியவர், கூரையைப் பார்த்தபடி காப்பியை ஆற்றிக்கொண்டிருப்பார். பணமே வேண்டாதவர் "இருபத்தஞ்சு" என்று கேட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். கல்யாணக்காரர் பதறிப்போய் முப்பதுக்குத் தாவுவார். ஏற்றிவிட்டது யார்? சொந்த மச்சான். ஏறுகிற ஒவ்வொரு ஆயிரத்திலும் அவருக்கு 50 ரூபாய் பங்காயிற்றே! சகோதரத்துவம்தான், யார் இல்லை என்றது? துரியோதனனும் சகோதரன்தானே.

ஆனால் தெருச் சீட்டைவிட எனக்கு ஆத்திரம் காலண்டர் மேல். 1990-களில் சென்னையில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் லட்சுமி படம் போட்டு வீட்டுக்கு வீடு காலண்டர் கொடுத்தன. பல வீடுகளில் காலண்டர் டிசம்பர் வரை தாங்கியது, கம்பெனி தாங்கவில்லை. டெபாசிட்தாரர்களைக் காக்க 1997-இல் தமிழக அரசு தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அந்த விளம்பரங்கள் வேண்டாம் என்று அன்றைய எங்கள் விளம்பர மேனேஜரோடு நான் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை. மனிதர் ரிடையராகி வருஷக்கணக்காகிறது. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல போன் செய்தால்கூட, "பின்னட்டைக் காசைக் கெடுத்தீங்களே சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார். அந்தக் காலண்டர் ஒன்று அவர் வீட்டில் இன்னமும் தொங்குகிறது என்பது என் சந்தேகம்.

சரி, உங்கள் சீட்டுக்கு வருவோம். பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது என்கிறது 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாக ஜாமீனும் கட்டியிருக்க வேண்டும். இதைக் கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்பார். இல்லை என்று சொல்லிவிட்டுப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.