பின்புறம் ‘17-ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருக்கும் தட்டு

கேள்வி: லிஸ்பனின் பழம்பொருள் சந்தையில் இரண்டு பாத்திரங்கள் வாங்கினேன். ஒன்று முட்டைக்கோஸ் இலை வடிவப் பச்சைக் கிண்ணம். அடியில் ‘போர்ச்சுகல்’ என்ற சொல்லும் நான்கு இலக்க எண்ணும் மட்டுமே பதிந்திருக்கின்றன. மற்றொன்று நீல நிறத்தில் மானும் பூங்கொடியும் தீட்டிய தட்டு. பின்னால் கோயிம்ப்ரா என்ற ஊர்ப்பெயரும், ரோமன் எண்ணில் 17-ஆம் நூற்றாண்டு என்றும் உள்ளன. யார் செய்தவை? எத்தனை வயது? இவற்றில் சாப்பிடலாமா?

பதில்: முதலில் தட்டு. பலரும் ஏமாறுவது இங்கேதான். 1650-இல் சக்கரத்தில் உட்கார்ந்திருந்த குயவர் தான் எந்த நூற்றாண்டில் வாழ்கிறோம் என்று தட்டின் முதுகில் எழுதமாட்டார். அந்தக் குறிப்பு தட்டின் வயதைச் சொல்லவில்லை, ஓவியத்தின் பாணியைச் சொல்கிறது. கோயிம்ப்ராவின் பட்டறைகள் 17-ஆம் நூற்றாண்டு வடிவங்களை 20-ஆம் நூற்றாண்டில் ஏராளமாகக் கையால் தீட்டி விற்றன. சிலவற்றில் ‘நகல்’ என்ற போர்த்துகீசியச் சொல்லே இருக்கும், ஆகவே இதை மோசடி என்று சொல்லமாட்டேன். அருகில் தூரிகையால் எழுதிய ஓரிரு எழுத்துகள் இருந்தால் அவை பெரும்பாலும் தீட்டியவரின் முதலெழுத்துகள்; அவற்றைத் தொழிற்சாலையின் பெயராக எண்ணித் தேட வேண்டாம். தட்டு 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு. ஆனாலும் அந்த மானின் கால்களை ஒரே இழுப்பில் வரைந்த கையை நான் மதிக்கிறேன்.

கிண்ணத்தின் கதை கல்தாஸ் த ரைன்யா என்ற ஊரில் தொடங்குகிறது. கேலிச்சித்திரக்காரரான ரஃபேல் பொர்தாலோ பின்ஹெய்ரோ 1884-இல் அங்கே தொழிற்சாலை தொடங்கினார். முட்டைக்கோஸ் இலைப் பாத்திரம் என்றதும் இன்று அவர் பெயரே நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயருக்காகவே விற்பவர்கள் எல்லாப் பச்சை இலையையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதே ஊரில் வேறு பல பட்டறைகளும் இதே இலையை வார்த்தன. 1947-இல் தொடங்கி 2008-இல் மூடப்பட்ட செக்லாவும் அந்த ஊர்த் தொழிற்சாலைதான். பொர்தாலோ தொழிற்சாலையின் அடையாளம் தவளை. அது இன்றும் வழக்கில் இருப்பதால், தவளை இருந்தாலும் வயது உறுதியாகாது. உங்கள் கிண்ணத்தில் பெயரும் இல்லை, தவளையும் இல்லை. கல்தாஸ் பாணி என்று சொல்லலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

‘போர்ச்சுகல்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றியது. அதனால் நாட்டின் பெயர் இருந்தாலே 1890-க்குப் பிந்தையது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் கல்தாஸில் பாம்பும் பல்லியும் புடைத்து நிற்கும் தட்டுகளைச் செய்த மானுவல் மாஃப்ரா அதற்கு முன்பே தம் முத்திரையில் அந்தச் சொல்லைப் பதித்திருந்தார். எனவே இந்தச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் ‘மேட் இன் போர்ச்சுகல்’ என்றோ, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குறியோ இருந்தால் அது நம் காலத்தை ஒட்டியது. நான்கு இலக்க எண் பெரும்பாலும் பாத்திரத்தை வார்த்த அச்சின் எண். 1884 என்றே இருந்தாலும் அதை ஆண்டாக எண்ணி மகிழ வேண்டாம்.

எழுத்தைவிட எனக்கு அடிவட்டத்தின் மேல்தான் நம்பிக்கை. கிண்ணத்தைக் கவிழ்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, மேசையில் படும் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பல ஆண்டுகள் புழங்கிய பாத்திரத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், அவற்றில் சாம்பல் நிற அழுக்கு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழமையாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும், உள்ளே வெளுப்பாக இருக்கும். மெருகில், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சில், தெரியும் சிலந்திவலை விரிசல்களைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். புதிய பாத்திரத்திலும் அவை வரும், தேநீரில் ஊறவைத்துக் கறையேற்றுவோரும் உண்டு.

சாப்பிடுவதைப் பற்றி: கல்தாஸின் பழைய பச்சை, பழுப்பு மெருகுகளில் ஈயம் கலப்பது வழக்கம். புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். ஆய்வகத்தில் சோதிக்கும்வரை இரண்டிலும் எலுமிச்சை, புளி, தயிர் எதுவும் வேண்டாம். தட்டைச் சுவரில் மாட்டுங்கள், கிண்ணத்தில் தோல் உரிக்காத ஆரஞ்சுப் பழங்களை வையுங்கள்.