காற்றோடு சேர்ந்த குளிர்: எந்த எண்ணைப் பார்ப்பது?
தம்பி, காரைக்குடியிலிருந்து அப்பச்சியும் ஆத்தாவும் சிகாகோ போகும் வாரம் மைனஸ் 17 டிகிரி செல்சியஸ், காற்றோடு சேர்த்தால் மைனஸ் 28 என்று வானிலை அறிக்கை காட்டுகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதைத்தான். உடம்பை ஒட்டி நிற்கும் சூட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். அந்தக் குளிரில் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துவிடலாம்.

2019 ஜனவரி கடைசியில் சிகாகோவில் கடுங்குளிர் அடித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். வைரத்தோட்டோடு வாசலுக்குப் போன எங்கள் ஆத்தாவின் காது மடல் சிறிது நேரத்தில் மெழுகுபோல் வெளுத்து மரத்துவிட்டது. தோடு, மூக்குத்தியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பருத்திப் பனியன் வியர்வையில் நனைந்தால் குளிர் கூடும். உள்ளே கம்பளிதான் நல்லது. மரத்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, ஹீட்டரிலும் காட்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர்தான். அப்புறம், பேச்சு குழறினால் உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். உடனே அங்குள்ள அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.